காப்பிக்குப் பிறகு மேல் ஸட்ஜம்

தண்ணீர் வைத்த பீங்கான் கிண்ணத்தின் விளிம்பை மூங்கில் குச்சியால் தட்டினால் எழும் ஒலிக்கு ஒரு வால் உண்டு. முதலில் கத்தரித்ததுபோல் ஒரு "டிங்". பிறகு உள்ளே தண்ணீரில் வட்டங்கள் ஓட ஓட, அந்த ஒலியும் லேசாக அசைந்து நீண்டு, எப்போது நின்றது என்று சொல்ல முடியாதபடி நின்றுபோகும். முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், தண்ணீர் அசையாமல் இருப்பதற்காக மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை முதுகில் இறங்க இறங்க அந்த வாலைக் கேட்டுக்கொண்டிருந்த மாதங்கள்தான் நான் இசை படித்த காலம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எனக்குப் பத்து வயது இருக்கும்.

வாத்தியத்தின் பெயர் ஜலதரங்கம். பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள்; கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. அது எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் அம்மாவின் தொண்டை. அம்மா நவராத்திரிதோறும் தெருக்கோடி அம்மன் கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் பேச்சு முழுதாகத் திரும்பியது, பாட்டு மட்டும் முக்கால்வாசி திரும்பியது. மோகன ராகத்தில் ஸ, ரி, க, ப, த என்று ஒவ்வொரு படியாக ஏறி, அடுத்ததாக மேல் ஸட்ஜத்தைத் தொட வேண்டிய இடத்தில் குரல் வெறும் காற்றாகிவிடும். "பேச முடியுதில்ல, அதுவே பெரிசு" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் இரண்டு நவராத்திரிகளுக்கு அம்மா சுண்டல் அண்டாவுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துத் தெரு செல்வி அத்தை "இந்த வருசமும் பாடலியா சாந்தி?" என்று கேட்கும்போதெல்லாம் "தொண்ட சரியில்லக்கா" என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழ்வீட்டில் இருந்தவர் வீட்டுக்காரம்மா. விக்தோரின் என்று பெயர். தெருவுக்கு அவர் "மதாம்". கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று இறந்தவர், அதனால் எங்கள் வாசலுக்கு "சொல்தா வீடு", அதாவது சிப்பாய் வீடு, என்று அடையாளம். மகன் பிரான்சில் இருந்தார். மதாம் நூல் புடவை கட்டிக்கொண்டு காலைப் பூசைக்குப் போய்வந்து, கைப்பிடியில்லாத ஒரு பீங்கான் கிண்ணத்தில் காப்பியை நிறைய ஊற்றி, இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தி, நீள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார். டம்ளரில் காப்பி குடிப்பது அவரைப் பொறுத்தவரை பயணத்தில் மட்டும் செய்ய வேண்டிய காரியம்.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பிறகு, அம்மா கீழே போய்ப் பாத்திரம் கழுவ உதவிக்கொண்டிருந்தார். குழாயடியில் ஒரு கிண்ணம் நிரம்பிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த கரண்டி அதன் விளிம்பில் பட்டது. மறுபடி பட்டது, இம்முறை ஒலி கொஞ்சம் இறங்கியிருந்தது. அம்மா குழாயை மூடினார், தட்டினார், திறந்தார், மூடினார், தட்டினார். கழுவ வேண்டிய மற்ற பாத்திரங்கள் அப்படியே கிடந்தன.

"இதுல ரெண்ட மாடிக்கு எடுத்துட்டுப் போவட்டுமா மதாம்?" என்றார் கடைசியில்.

"ரெண்டு எதுக்கு, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. பிள்ள வரும்போதெல்லாம் ஒண்ணு ரெண்டு வாங்கியாந்து வெச்சிட்டுப் போயிடறான். குடிக்கத்தான் ஆளு இல்ல."

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஸ்வரம் அம்மாவின் காதில் இருந்தது. கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா மின்துறையில் வேலை பார்த்தவர்; மூங்கிலைச் சீவி, மணல்தாளில் தேய்த்து, இரண்டு குச்சிகள் செய்துகொடுத்தார். அம்மாவின் மனம் பாட்டில் அடுத்த வரிக்குப் போய்விட்டிருக்கும். குச்சி இன்னும் பழைய கிண்ணத்தில் இருக்கும். இரும்பு மேசைமேல் வைத்தால் கிண்ணங்கள் கடகடத்தன. போர்வையை மடித்து விரித்ததும் அடங்கின. ஓங்கி அடித்ததில் ஒன்றின் விளிம்பு சில்லாகப் பெயர்ந்தது. அதன் பிறகுதான் அடிப்பது வேறு, தொட்டு எடுப்பது வேறு என்று கைக்குப் புரிந்தது. அப்பா சாப்பிட உட்காரும்போது, "ஊர்ல எல்லார் வீட்டுலயும் கிண்ணத்துல கொழம்பு இருக்கும், நம்ம வீட்டுல ஸ்வரம் இருக்கு. சோத்துக்கு ஆவுமா?" என்பார். அம்மா குச்சியைக் கீழே வைக்காமலே, "ஆவும், நாக்குக்கு ஞானம் இருந்தா" என்பார்.

என் கையில் மை ஊற்றும் "பில்லர்" ஒன்று இருந்தது. தண்ணீர் சேர்த்தால் ஒலி தாழும், எடுத்தால் உயரும். வெறும் கிண்ணம் எந்த உயரத்தில் ஒலிக்கிறதோ அதற்குமேல் அதை யாராலும் ஏற்ற முடியாது. இந்த வாத்தியத்தின் இலக்கணம் மொத்தமும் எனக்கு இந்த ஒரே வாக்கியமாகத்தான் வந்து சேர்ந்தது. அம்மா சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருப்பார், நான் சொட்டுச் சொட்டாக விடுவேன், "இன்னும் கொஞ்சம்... இன்னும்... நில்லு" என்பார். சில வாரங்களில் அவர் "நில்லு" சொல்வதற்கு முன்பே என் விரல் நின்றது. நின்ற இடத்தில் கிண்ணத்தின் உட்புறம் நகப்பூச்சால் சிவப்புக் கோடு இழுப்போம். பிற்பாடு எந்தக் கச்சேரியிலும் சுருதி விலகினால் எனக்கு உடனே தெரிந்துவிடுவதற்கு அந்தப் பில்லர்தான் காரணம்.

ஸ, ரி, க, ப, த எல்லாம் கிடைத்தன. மேல் ஸட்ஜம் மட்டும் கிடைக்கவில்லை. இருந்ததில் சிறிய கிண்ணம்கூட, வெறுமையாகத் தட்டினாலும், அதற்குக் கீழேயே ஒலித்தது. எல்லாவற்றையும் சேர்த்துத் தாழ்த்திப் பார்த்தோம். பெரிய கிண்ணங்கள் விளிம்புவரை நிரம்பி ஜலதோஷம் பிடித்ததுபோல் மழுங்கின. அம்மாவின் தொண்டை எந்தப் படியில் நின்றதோ, அதே படியில் கிண்ணங்களும் நின்றன.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், துணிக் குவியல்களுக்கும் பிளாஸ்டிக் வாளிகளுக்கும் நடுவே பழைய பீங்கான் விற்கிறவர்களிடமெல்லாம் போனோம். அம்மா குனிந்து ஒவ்வொரு கிண்ணமாக விரல் முட்டியால் தட்டுவார், காதைச் சாய்ப்பார், அடுத்ததற்குப் போவார். ஒரு கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எம்மா, சாமான் வாங்க வந்தியா, பூச பண்ண வந்தியா? வந்ததுலேர்ந்து மணி அடிச்சிகினே கீறியே" என்றார். பக்கத்துக் கடைக்காரர், "தீபாராதன எப்பன்னு கேளு" என்றார். அம்மாவும் சிரித்தார். கிண்ணம் கிடைக்கவில்லை.

நவராத்திரி நெருங்கியது. இந்த வருடம் ஒருநாள் வாசிப்பதாக அம்மா கோயிலில் பெயர் கொடுத்திருந்தார். ஒருநாள் காலையில் மதாமுக்குப் பால் பாக்கெட் கொடுக்கக் கீழே போனேன். அவர் காப்பியைக் குடித்து முடித்து, வெறும் கிண்ணத்துக்குள் கரண்டியைப் போட்டார். நான் அங்கேயே நின்றேன். சின்னக் கிண்ணம், தடித்த பீங்கான், நீல விளிம்பு. நாங்கள் தேடிக்கொண்டிருந்த ஒலி, ஒரு மயிரிழை உயரமாக, அதாவது சில சொட்டுத் தண்ணீருக்கு இடம் வைத்து, அதில் இருந்தது.

மாடிக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் பாப்பா."

"அப்ப கேக்கலாமில்ல?"

"அவங்க வீட்டுக்காரர் வாங்கியாந்த கிண்ணம் அது. ஒருத்தவங்க தெனம் வாய் வெச்சிக் குடிக்கிறதப் போயிக் கேக்கக் கூடாது. நீயும் கேக்காத."

அதற்குப் பிறகு அம்மா, மேல் ஸட்ஜம் வரும் இடங்களில் தைவதம்வரை, அதாவது அந்தத் 'த'வரை மட்டும், போய்த் திரும்பிவிடும்படி பாட்டை வளைத்து வாசித்துப் பார்த்தார். ஒரு வாரம் அப்படி வாசித்தார். பிறகு ஒரு சாயங்காலம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "மேல ஸா இல்லாம என்னா மோகனம்? கோயில்ல சொல்லிடறேன், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பவர். அன்று கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பில்லரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. முழங்கால் வலியால் மதாம் பல வருடங்களாக மாடி ஏறியதில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சும் ஒரு மாதாவின் பெயருமாக ஏறிவந்து, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடுப்பில் புடவைத் தலைப்புக்குள் எதையோ பொதிந்து வைத்திருந்தார்.

"என்னாடி இது? தெனமும் ஏறுற ஏறுற, கடசிப் படியில நின்னுட்டுத் திரும்பி எறங்குற. கீழ படுத்துக்கினு கேக்குற எனக்குக் காலு வலிக்குது. அந்தக் கடசிப் படி எங்கதான்னு என் அடுப்பங்கரையில இருக்கிற சாமான் அத்தனையும் தட்டிப் பாத்துட்டேன், கோப்ப, ஜாடி, உப்புப் பாத்திரம்கூட. கடசியில பாத்தா, தெனம் நான் கையில வெச்சிருக்கிறதுதான்." தலைப்பை விலக்கி நீல விளிம்புக் கிண்ணத்தை நீட்டினார். "ஆனா ஒண்ணு. காலைல காப்பிக்கு எனக்கு வேணும். டம்ளர்ல குடிச்சா எனக்கு எறங்காது."

மதாமுக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஒரு மாடிக்குக் கீழே படுத்தபடி, வராத ஸ்வரத்தை மட்டும் அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா கிண்ணத்தை வாங்கி வரிசையின் வலது ஓரத்தில் வைத்தார். நான் பில்லரை மறுபடி எடுத்தேன். சில சொட்டுகள்தான். அம்மா ஸ, ரி, க, ப, த என்று ஏறி, மேல் ஸட்ஜத்தைத் தொட்டார். அவர் அழவில்லை. வால் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி தொட்டார். பிறகு இன்னொரு முறை. மதாம், "ஆங்... இப்ப வந்துட்ட" என்று தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

கோயிலில் வாசிப்பதற்குமுன் ஒரு விபத்து நடந்தது. அம்மன் சன்னதிக்கு எதிரில் வெள்ளை வேட்டி விரித்துக் கிண்ணங்களை அரைவட்டமாக வைத்து, கோடுவரை தண்ணீர் விட்டு முடித்திருந்தோம். கோயில் தலைவர் வந்தார். வரிசையாகத் தண்ணீர் இருந்ததைப் பார்த்தார், பயபக்தியுடன் குனிந்தார், ஓரத்தில் இருந்த நீல விளிம்புக் கிண்ணத்தை எடுத்து உள்ளங்கையில் சாய்த்து வாயில் விட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். "தீர்த்தத்துல துளசி போடலியா?" என்றும் கேட்டார்.

யாரும் வாய் திறப்பதற்குள் செல்வி அத்தை முன்னால் வந்தார். அவர் பார்வை வேறொன்றில் இருந்தது. "சாந்தி, இந்தச் சின்னக் கிண்ணம் மதாம் தெனம் காப்பி குடிக்கிறதாமே? எச்சிக் கிண்ணத்தக் கொண்டாந்து அம்மன் எதிர்ல வெக்கலாமா?"

கிண்ணத்தை எடுக்க அம்மாவின் கை நீண்டது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் வாயைத் துண்டால் மெதுவாகத் துடைத்தார். அவருக்கு யோசிக்க அவசரக் காரணம் இருந்தது.

"வாத்தியத்துக்கு ஏதும்மா எச்சி? நாயனக்காரன் எதுல ஊதறான்? வாயில வெச்சித்தான ஊதறான்? அத அம்மன் கேக்குதில்ல? நீ எடுக்காத சாந்தி, வாசி."

தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மதாம் அடக்க முடியாமல் தலைவரிடம், "முசியே, காப்பி வாசன வந்துதா?" என்றார். தலைவரே சிரித்துவிட்டார். செல்வி அத்தை சிரிக்கவில்லை. ஆனால் விசிறியை நிறுத்தச் சொன்னபோது, எழுந்துபோய் நிறுத்தியவர் அவர்தான். குடிக்கப்பட்ட ஸட்ஜத்தை நான் பில்லரால் சரிசெய்தேன்.

அம்மா வாசித்தார். கிண்ணங்களின் ஒலி சிறியது. கேட்க வேண்டுமானால் பேச்சை நிறுத்த வேண்டும், நிறுத்தினார்கள். இரண்டு இடங்களில் கை தவறியது. மேல் ஸட்ஜத்தில் தவறவில்லை.

அதன் பிறகு பல வருடங்கள் அந்தக் கிண்ணம் எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்கியது. காலையில் கீழே காப்பி. கழுவித் துடைத்து நான் மாடிக்குக் கொண்டுவந்த பிறகே அம்மாவின் சாதகம். மதாம் மாதா கோயிலுக்குப் போய்த் தாமதமாக வந்த நாட்களில் அம்மாவும் காத்திருந்தார்.

பிறகு மகன் வந்து மதாமைத் தன்னோடு அழைத்துப்போனார். மற்றக் கிண்ணங்களை அம்மாவிடமே விட்டுவிட்டு, நீல விளிம்பை மட்டும் மதாம் தன் புடவைகளுக்கு நடுவே சுற்றி எடுத்துப்போனார். அது அவருடைய காப்பிக் கிண்ணம். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. சில ஞாயிறுகளில் பிரான்சிலிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரித்து முடிந்ததும் "எங்க, ஏறு" என்பார். அம்மா ரிசீவரைத் தரையில் வைத்துவிட்டு ஸ, ரி, க, ப, த வாசிப்பார். ஒரு கணம் கழித்து, அந்த முனையிலிருந்து, கரண்டி பட்டு மேல் ஸட்ஜம் வரும். தண்ணீர் இல்லாததால் ஒரு மயிரிழை உயரமாக.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த இடத்தில் அடுக்ககம் நிற்கிறது. ஏறி இறங்க லிப்ட் இருக்கிறது. நாங்கள் நெல்லித்தோப்புக்கு வந்துவிட்டோம். மதாம் இறந்த செய்தியை மகன் சொன்னார். கிண்ணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன வருடம் நான் கடை கடையாகத் தட்டிப் பார்த்து, சரியாக மேல் ஸட்ஜம் பேசும் ஒரு கிண்ணத்தை அம்மாவுக்கு வாங்கிவந்தேன். அம்மா தட்டிப் பார்த்தார். "நல்ல கிண்ணம்" என்றார். மறுநாள் அதில் தயிர் உறைய வைத்திருந்தார்.

இன்றும் காலையில் காப்பி குடித்த பிறகே வாசிக்க உட்காருகிறார். தைவதம்வரை ஏறி, குச்சியை உயர்த்தியபடி ஒரு கணம் நிறுத்துகிறார். அடுத்த அறையில் நானும் கையிலிருப்பதை நிறுத்துகிறேன். பிறகு அம்மா கீழ் ஸட்ஜத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார்.