சாவிக்கொத்தும் ஆட்டோவும்

1998 நவம்பர் 11, காலை ஆறு நாற்பது. திண்டிவனத்தில் சன்னமான தூறல். சுகப்பிரசவமாகி நான்காம் நாள், எங்கள் வீட்டில் இருந்த மகள் ஸ்டெல்லாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடக்கி, கண்களை மூடி, முகம் இறுகக் கிடந்தாள். கூப்பிட்டேன்; பதில் இல்லை. என் அக்காவைப் பிரசவ ஜன்னியில் பறிகொடுத்தவன் நான். வலிப்புக்குக் கையில் இரும்பு இருக்கட்டும் என்று பீரோ சாவிக்கொத்தை அவளிடம் திணித்துவிட்டு ஓடி, ஆட்டோவோடு திரும்பினேன்.

வாசலில் ஸ்டெல்லா சிரித்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாப்பா, சாவியைக் குடுத்துட்டு ஓடுறே? மனசுக்குள்ள எண்ணிக்கினு இருந்தேன், அதான் பேசல. ஒண்ணுக்கு அடக்கற மாதிரி உள்ள இறுக்கி, அப்புறம் விடணும். அடிவயிறு பலமாவும்னு நர்சம்மா சொல்லிக் குடுத்தாங்க.”

“பச்ச ஒடம்புல எக்சர்சைஸா?” என்று கத்தினேன்.

என் மனைவி குறுக்கிட்டாள். “சும்மா இருங்க. மூணு பெத்தேன், எனக்கு யாரும் சொல்லல. இருபது வருசமா தும்முனா பொடவை நனையுது. தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. மாதா கோயிலில் பூசையின்போது அவள் ஏன் எப்போதும் கதவோரமாகவே உட்காருகிறாள் என்பது அன்றுதான் புரிந்தது.

டாக்டரைக் கேட்டு அவளும் தொடங்கிவிட்டாள். இப்போது தினமும் காலையில் தாயும் மகளும் உள்ளே படுத்திருக்க, நான் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து எண்ணுகிறேன்.

“மெதுவா எண்ணுங்க, இன்னா ஜல்தி?” என்று மனைவி அதட்டுகிறாள்.

சும்மா வந்துபோன ஆட்டோவுக்குக் கொடுத்தது முப்பது ரூபாய்.