இரண்டு பட்டத்துக்கும் ஒரே பாடமா?

எழுபதுகளில் மெல்பேர்னில் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். சமூகப்பணி மேற்படிப்பின் இரண்டு பாடங்களை அப்போதே படிக்க எனக்கு அனுமதி கிடைத்தது. படிப்பைச் சீக்கிரம் முடித்து யாழ்ப்பாணத்துக்கு அம்மாவிடம் போய்விடலாம் என்று மகிழ்ந்தேன்.

அந்த வகுப்பில் தாதிகளும் ஒரு கன்னியாஸ்திரியும் இருந்தார்கள். நான்தான் எல்லோருக்கும் இளையவள். டிராமில் திரும்பும்போது அவர்கள் பேசியதே மனதில் ஓடும்.

ஒருநாள் அறைத்தோழி யோகம் குசினியில் பருப்புக் கடைந்தபடி கேட்டாள்.

"உந்த ரெண்டு பாடமும் எந்தப் பட்டத்துக்குச் சேரும்?"

"ரெண்டுக்கும்தானே."

"ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

மறுநாள் காலை துறைக்கு ஓடினேன். அவை மேற்படிப்புக்கு மட்டும்தான் சேரும் என்றார் பேராசிரியை. அப்படியென்றால் இளங்கலைக்கு இரண்டு பாடம் குறையும். அந்தப் பட்டம் இல்லாமல் மேற்படிப்பில் சேரவே முடியாது. புதுப் பாடம் சேர்க்க அன்றுதான் கடைசி நாள். பேராசிரியையே என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு பாடங்களைச் சேர்த்துவிட்டார்.

அந்த வருடம் நான் புத்தகமும் கையுமாகக் குசினிக் கதிரையில் இருப்பேன். என் பங்குச் சமையலையும் யோகமே செய்வாள். அவள் தாளிக்கும் வெந்தய மணம் இப்போதும் நினைவில் வருகிறது. இரண்டு பட்டங்களையும் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் போனேன்.

இன்று மறுபடியும் மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள், "அன்ரி, மாஸ்டர்ஸ் பாடம் இப்பவே எடுக்கிறன்" என்றால், உடனே வாழ்த்துவதில்லை. போனைக் கையில் கொடுத்துப் பல்கலைக்கழகத்தைக் கேட்கச் சொல்கிறேன். பதில் வந்த பிறகுதான் தேநீர்.