வீட்டுக்கு ஒரு கை

எங்கள் ஊரில் வார்டு உறுப்பினர் தேர்தல் நடந்து நான் பார்த்ததில்லை. அறிவிப்பு வந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் கூடுவார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் பெரியவர் ஒரு பெயரைச் சொல்வார். வீட்டுக்கு ஒருவராக ஆண்கள் கை தூக்குவார்கள். வேறு யாரும் மனுப் போடுவதில்லை என்று கற்பூரத்தின் மேல் சத்தியம். சண்டை சச்சரவு இல்லாத ஊர் என்று பெருமை வேறு. கல்யாணமாகித் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்த நான், பட்டம் படித்தவள், அந்தப் பதவிக்கு ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

இந்த முறையும் பெரியவர் சொன்ன ஆளுக்கே என் கணவர் கை தூக்கிவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து, சட்டம் படித்து முடித்திருந்த எங்கள் மகள் மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலமே பெரியவர் வந்துவிட்டார். என் கணவருக்குப் பங்காளி முறை. அவருடைய ரிக் வண்டியில்தான் இவருக்கு மேனேஜர் வேலை.

“ஏந்தம்பி, கோயில்ல உங்கூட்டுக் கை ஒசந்துதா இல்லியா?”

மகள்தான் பதில் சொன்னாள்.

“அப்பா கை ஒசந்துதுங்க பெரியப்பா. என்ர கைய ஆரும் கேக்கவே இல்லீங்களே.”

“ஊட்டுக்கு ஒண்ணுதான் அம்மிணி கணக்கு.”

“ஓட்டு அப்படி இல்லீங்களே. அம்மாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு.”

“ஊரே ஒரு பக்கம் நிக்குது. ஊரு பேச்சக் கேக்க மாட்டியா?”

“கேக்கத்தானுங்க நிக்கிறேன். ஓட்டுப் போட்டுச் சொல்லட்டுங்க.”

அவர் எழுந்துகொண்டார். “வாபஸ் வாங்கலீன்னா இந்த ஊட்டு நல்லது கெட்டதுக்கு ஆரும் வரமாட்டாங்க. தம்பி, நீயும் வண்டிக்கு வர வேண்டாம்.”

வேலை போனது ஒரு பக்கம். இவளுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் என்றால் பந்தலில் யார் நிற்பார்கள்? வாபஸ் வாங்கிவிடு என்று அவளிடம் அழுதேன்.

“நீ கற்பூரம் தொட்டியாம்மா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“அப்புறம் எதுக்கு நீ பயப்படறே?”

“தோத்துப்போனா?”

“ஜெயிச்சவருக்குக் கை குடுத்துட்டு வாரேன். அவ்வளவுதான்.”

எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டாள்! தோற்றாலும் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்பது இந்த ஊரில் யாருக்குமே தெரியாது. எனக்கும்தான். வாபஸ் வாங்கும் கடைசி நாள் மூன்று மணி தாண்டும்வரை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவள் போகவில்லை. மறுநாள் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு நானும் அவளோடு கிளம்பினேன்.

அவளுக்குக் கிடைத்தது சீப்புச் சின்னம். “சீப்புக்குப் போட்டா தலை வாரி உடுவியா சாமி?” என்று தறிக்கூடத்தில் ஒரு அம்மா கேட்டார். “பேனு இருந்தா எடுத்தும் உடறனுங்க” என்றாள் இவள். தறிச் சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். ஆனால் ஓட்டுப் போடுகிறேன் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆண்கள் எங்களைக் கண்டதும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

வாக்குப்பதிவு நாளில் அட்டை மறைப்புக்குப் பின்னால் முத்திரைக் கட்டையோடு நின்றேன். அந்த மறைப்புக்குள் கணவர் இல்லை, பெரியவர் இல்லை. குத்தினேன். மடித்துப் பெட்டியில் போட்டேன்.

எண்ணிக்கை நாளில் மகள் ஜெயித்தாள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, இருந்தும் ஜெயித்தாள். தோற்றவருக்கு அவளே போய்க் கை கொடுத்தாள். அவரும், என்ன செய்வதென்று தெரியாமல், கொடுத்தார். மகளிடமிருந்து வெற்றிச் சான்றிதழை வாங்கிய என் கணவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊர் நடுவில் நடந்தார். அவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. யாராவது கேட்டைத் தட்டினால் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜெயித்த அன்று பொழுது சாயும் நேரத்திலும் தட்டினார்கள். பின்கதவு. பயந்துகொண்டே திறந்தேன். பெரியவரின் மனைவி, முந்தானையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

“புள்ளைக்குக் குடுங்க. நானும் என்ர மருமவளும் அவளுக்குத்தான் குத்துனோம். ஊட்டுல மட்டும் சொல்லிப்போடாதீங்க.”

“அவங்களுக்கு எப்படிங்க்கா தெரியும்? யாரு எதுல குத்துனாங்கன்னு யாருக்குமே தெரியாதுங்களே” என்றேன்.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.