பெட்டிக்குத் திரும்ப வேண்டிய ஷூ

என் அக்கா வீட்டுக்காரர் ஷூ கடையில் விற்பனையாளர். மலையேற்றத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், கேட்கிறவனுக்கு மூச்சு வாங்கும். ஈரப் பாறையில் எந்தக் காலை முதலில் வைப்பது, இறக்கத்தில் விரல் எங்கே இடிக்கும், எல்லாம் சொல்வார். சொந்தமாக ஏறிய உயரம், மேல்தட்டுப் பெட்டிகளை எடுக்கச் சாத்திவைத்த ஏணி மட்டும்தான்.

அவர் போட்ட வாய்ப்பந்தலை முதலாளியும் நம்பிவிட்டார். மாடியில் மலையேற்றச் சாமான்களுக்குத் தனிப் பிரிவு தொடங்குவதாக ஏற்பாடு. "அதை நீங்களே பாத்துக்குங்க. ஆனா நம்ம ஷூவைப் போட்டுக்கிட்டு உச்சியில நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். படிக்கட்டுப் பக்கம் பெருசா மாட்டணும்" என்றார். படம் வந்தால்தான் பதவி. அன்று மாலை அத்தான் வீட்டுக்குள் நடந்ததே மேனேஜர் நடை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. விசேஷம் எதுவானாலும் கடையிலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்து, அடியில் டேப் ஒட்டிப் போட்டுக்கொள்வார். முடிந்ததும் டேப்பை உரித்து, துடைத்து, பெட்டிக்குள் வைத்துவிடுவார். மறுநாள் எந்தப் புண்ணியவானாவது அதைப் புதுசென்று வாங்கிப் போவான். என் கல்யாணப் படங்களில் அத்தானின் கால்கள் மட்டும் பணக்காரக் கால்கள்.

வழிகாட்டியோடு போகும் கூட்டத்தில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தோம். அக்கா வந்தது போட்டோ எடுக்க. அவள் காலில், யாரோ கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன கிழிந்த ஷூ. "உனக்கு இது போதும்" என்று அத்தான் கொண்டுவந்து போட்டதை அவளே ஊசிநூலால் தைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா புருஷன் ஆயிற்றே, வாயை மூடிக்கொண்டேன்.

ஆள் அரவமே இல்லாத மலை. வழிகாட்டி கறாரான பெண். "மத்தியானத்துக்குள்ள கணவாய்க்கு வராதவங்க என் உதவியாளரோட இறங்கிடணும். மேல பனி மூடிட்டா யாரையும் தேட முடியாது" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

பாறை தொடங்கும்வரை அத்தான் எல்லாருக்கும் பாடம் நடத்தினார். பிறகு சத்தமில்லை. சேற்றைக் கண்டால் சுற்றினார், கூர்க்கல்லைக் கண்டால் தாண்டினார். ஓடை வந்ததும் ஷூவைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கடந்தார். அக்கரையில் மாட்டிக்கொண்டு பாறையில் கால் வைத்தவர், வழுக்கி உட்கார்ந்தார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். வழிகாட்டி குனிந்து அவர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சார் இது, அடியில டேப்பு?"

"தேயக் கூடாதுன்னுதான்..."

"தேயறதுக்குத்தானே சார் ஷூ. உரிச்சிடுங்க, நல்லா நடக்கலாம்."

உரித்தால் நடக்கலாம், பெட்டிக்குள் வைக்க முடியாது. அத்தான் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடினார். கொஞ்சம் யோசித்தார். மறுபடி அழுத்தி ஒட்டினார். "பாத்துப் போனா போதும்" என்றார்.

அத்தானும் நானும் கணவாயை அடைந்தபோது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது. கூட்டம் மேலே கிளம்பிக்கொண்டிருந்தது, முன்னாலேயே வந்துவிட்ட அக்காவும் அதில் நின்றாள். அத்தானை இறங்கச் சொன்னார் வழிகாட்டி. முட்டி பிடித்துக்கொண்டதால் நானும் இறங்குகிற கட்சி.

"நீயும் வா. நான் இல்லாம மேல உனக்கென்ன வேலை?" என்றார் அத்தான்.

"போட்டோ எடுக்கத்தானே வந்தேன்" என்றாள் அக்கா.

"யாரை எடுப்பே?"

அவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அத்தானின் ஷூ கீறலில்லாமல் பெட்டிக்குத் திரும்பியது. வழிகாட்டி எடுத்த படம் படிக்கட்டுப் பக்கம் தொங்குகிறது: உச்சிப் பாறை, அக்கா, தையல் போட்ட ஷூ. அதைப் பார்த்ததும் முதலாளி ஒரே கேள்விதான் கேட்டாராம். "நம்ம ஷூவா?" கடையிலிருந்து வந்ததுதானே, அத்தானால் இல்லையென்று சொல்ல முடியுமா? "அப்போ அவங்களையே மாடிக்கு வரச் சொல்லுங்க" என்றுவிட்டார் முதலாளி.

இப்போது மாடிப் பிரிவு அக்காவுடையது. அவள் கேட்கும் பெட்டிகளை அத்தான்தான் எடுத்துத் தருகிறார். விற்பதற்கு முன் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பி, அடியில் பசை ஒட்டியிருக்கிறதா என்று அக்கா விரலால் தடவிப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அத்தான் எங்கோ பார்த்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறார்.