வலையே போடாத நாள்கள்

அடிக்கோலைத் திரைமேல் வைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கிக்கொண்டே போகிறார் கட்டக்கா. உதடு முணுமுணுக்கிறது. கணினியிலேயே இதற்கு வசதி இருக்கிறதே என்று யாராவது வாயைத் திறந்தால், "அது காட்டுறத நம்பித்தானே எல்லாரும் இங்க வந்து நிக்கிறீங்க?" என்பார்.

ஆய்வுக்கூடத்தின் மாடிப்படிக்கு அடியில் அவர் அறை. ஆராய்ச்சிக்காரர்கள் அள்ளிக்கொண்டு வரும் அட்டவணைகளை, கணக்குப் போடும் மென்பொருள் முரண்டு பிடிக்காமல் வாங்கிக்கொள்ளும்படி சீராக்குவது வேலை. கட்டம் கட்டமாகப் பார்ப்பதால் கட்டக்கா. "தலைப்பு ஒரு வரிதான். மூணு வரி போட இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" சந்தேகமான எண்ணுக்கு மஞ்சள் பூசி வந்தால், "நீ மஞ்சள் அடிச்சா அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குக் கண்ணா இருக்கு?" ஆனால் எந்த எண்ணும் எப்படிக் கிடைத்தது என்று கேட்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தவளையை எப்படி எண்ணினாய், மண்ணை எதால் அள்ளினாய், எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

அன்று ஏரி மீன்களை ஆராயும் பெண் வந்தாள். இரண்டு நாளில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மீன் வேகமாகக் குறைகிறது என்பதுதான் அவள் முடிவு. காலிக் கட்டங்களை மென்பொருள் ஏற்காததால், எல்லாவற்றிலும் பூஜ்யம் நிரப்பியிருந்தாள்.

கட்டக்காவின் விரல் ஒரு பூஜ்யத்தில் நின்றது.

"வலை போட்டு மீன் விழலையா? இல்ல, வலையே போடலையா?"

"அன்னிக்குப் புயல்க்கா. படகே எடுக்கல."

"அடிப்பாவி! வீட்டுல படுத்துக்கிட்டு மீனெல்லாம் போச்சுன்னு எழுதியிருக்கியே!"

உண்மைப் பூஜ்யமும் நிரப்பிய பூஜ்யமும் கலந்து கிடந்தன. அவளுடைய குறிப்பேட்டைப் பிரித்து, தேதி தேதியாகச் சரிபார்த்தார்கள். வலை போடாத நாள்களில், 'பார்க்கவில்லை' என்று மென்பொருளுக்குப் புரியும் குறியைக் கட்டக்கா வைத்தார். அந்த நாள்களில் பாதிக்கு மேல் கடைசி வருஷத்தவை; மீன் அவ்வளவு வேகமாகக் குறைந்ததுபோலத் தெரிந்தது அதனால்தான்.

ஒரு மாதத்தின் பக்கம் நனைந்து மை கரைந்திருந்தது.

"பூஜ்யம்தான்னு நினைக்கிறேன்க்கா."

"நினைக்கிறதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"இதுவும் போனா என் முடிவே போச்சுக்கா."

மூன்று வருஷ உழைப்பு. கட்டக்கா விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். கரைந்த பக்கத்தை இன்னொரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த மாதம் முழுக்க அவளே குறி வைத்தாள்.

கோப்பு உள்ளே போனது. மீன் எண்ணிக்கையைக் காட்டும் புதுக் கோடு திரையில் மெல்ல உருவாகத் தொடங்கியது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கட்டக்காவின் ஒரு கை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. கழுத்து மட்டும், அந்த ஏரியில் உண்மையில் எத்தனை மீன் என்று பார்க்க, திரையை நோக்கி நீண்டுகொண்டே போனது.