பல் ஆஸ்பத்திரியில் நான் படித்த நாவல்கள்

பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாயைத் திறக்க வேண்டியிருக்க, வாயை மூடிக்கொண்டு உட்காரச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் ரிசப்ஷனிஸ்ட்தான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு மேஜையில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் கொடுத்துப் பெயர் பதிந்தது போக மிச்ச நேரமெல்லாம் நாவல். கடையில் தொங்குகிற மாத நாவல், செல்லில் வருகிற தொடர்கதை, தலையணை கனத்தில் குடும்ப நாவல், எதையும் விடுவதில்லை. வேலை நேரத்தில் மடியில் ஒளித்துவைத்துப் படித்து, மாட்டிக்கொண்டு முழித்த என் இனமே, உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? வெட்கம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

கண்ணீர்

போன மாதம் படித்த ஒரு நாவலில், மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா இறந்துபோகிறார். சும்மா சாகவில்லை, பக்கம் பக்கமாகப் பேசிவிட்டுத்தான் சாகிறார். இது ஆளை அழவைக்கிற மலிவான வித்தை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

நிமிர்ந்தால், எதிரே பாதி நாற்காலி காலி. கடைவாய்ப் பல் பிடுங்க உள்ளே போனவர் அந்த நேரம் பார்த்து ஒரு அலறல் வேறு போட்டிருக்கிறார். கன்னம் வீங்கிய பேகம்பூர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் எழுந்து என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, உள்ள போன ஆளோட வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சா?"

டீ

அடுத்தது ஒரு துப்பறியும் நாவல். கொலைகாரர் ஒரு பல் டாக்டர். சொத்தைப் பல்லை அடைக்கிற சிமென்ட்டில் விஷம் கலந்து ஆட்களைத் தீர்க்கிறார். சுத்த அபத்தம். ஆனாலும் அதைப் படித்து முடிக்கிற வரைக்கும் எங்கள் டாக்டரம்மாவை நான் பார்த்த பார்வை சரியில்லை. தினமும் பதினோரு மணிக்கு அவர் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றித் தருவார். வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, மேஜை டிராயரைக் கண்ணால் காட்டிச் சொன்னார்: "குடி ஜெசி, ஒண்ணும் கலக்கல. அந்தப் புஸ்தகத்த நேத்தே எடுத்துப் படிச்சிட்டேன்."

அறை

பிறகு வந்தது ஒரு குண்டு நாவல். கதாநாயகன் பணக்காரன், கோபக்காரன். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டு மனைவியை ஓங்கி ஒரு அறை விடுகிறான். அப்புறம் அவனே அழுதுகொண்டு அவள் கன்னத்துக்கு மருந்து போடுகிறான். அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடித்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் பிடித்தது என்பதுதான் உண்மை.

அந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் குஜிலியம்பாறையிலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். அவளுக்கு முன்பல் உடைந்திருந்தது. எப்படி உடைந்தது என்று கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்றான் அவன். தலையை நிமிர்த்தாமல் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு நாவலுக்குத் திரும்பினேன். அவன் போன் பேச வெளியே போனான்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர் வீட்டு அம்மா ஒருவரும் காத்திருந்தார். "ஏனுங்க, அப்படி என்னதான் படிக்கறீங்க? எங்களுக்கும் சொல்லுங்க, பல்வலியாச்சும் மறக்கட்டும்" என்றார். எனக்குக் கேட்க வேண்டுமா? எழுந்து நின்று கையை வீசி நடித்தே காட்டினேன். "விட்டான் பாருங்க ஒரு அறை! ஆனா மனசுக்குள்ள அம்புட்டுப் பாசம்!" எல்லோரும் சிரித்தார்கள்.

குஜிலியம்பாறைப் பெண் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடியபடியே மேஜைக்கு வந்தாள். முந்தானையை இறக்கினாள். கன்னத்தில் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. யாருக்கும் கேட்காதபடி என்னிடம் கேட்டாள்: "அக்கா, அந்தக் கதையில அவளுக்குப் பல்லு எதுவும் விழுகலையா?"

அடுத்த சிட்டிங்

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நான் நடித்துக் காட்டியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அந்தப் பெண்ணைத் தனியாக உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். மறுவாரம் பல் கட்ட அடுத்த சிட்டிங்குக்கு வரச் சொல்லி அனுப்பினோம்.

அந்த வாரம் முழுக்க நான் நாவலைத் தொடவில்லை. வருவாளா, அவன் வரவிடுவானா என்று கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். தப்பான காரணத்தைப் பதிந்தது என் கைதான், அவள் முன்னால் அந்த அறையை வீசிக் காட்டியதும் அதே கைதான்.

வந்தாள். கூட வந்தது அவன் இல்லை, அவளுடைய அம்மா. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் அவளே மேஜைக்கு வந்து, "அந்தக் கதையில அவன் எப்பக்கா திருந்துறான்?" என்றாள். "கடைசிக்கு முந்தின பக்கத்துல" என்றேன். டிராயருக்குள் கிடந்த அந்தத் தடிப் புத்தகத்தைச் செத்த நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்புட்டு தூரம் என்னால ஆகாதுக்கா. நான் அம்மா வீட்டுக்கே வந்துட்டேன்."

இப்போதும் படிக்காமல் இருக்க முடியவில்லை, ஆனால் யாராவது யாரையாவது அறைகிற பக்கம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கன்னங்களை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.