வெள்ளவாய் இல்லாத மதில்

எங்கள் ஊரோடு பேருந்து திரும்பிவிடும். அதற்கு அப்பால் உவர் நிலமும் கடல்நீரேரியும்தான். வட்டுக்கோட்டையில் ஏறி ஊரின் பெயரைச் சொன்னால், நடத்துநர் ஒருமுறை நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் ரிக்கெற் கிழிப்பார். அரச அலுவலகமான கச்சேரியில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்ற நான் இங்கே திரும்பி வந்தபோது, பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டிய வீடுகள்தான் செழிப்பாக இருந்தன: புது மதில், புதுக் கேற், கூரை மூலையில் கமரா. ஆட்கள் குடியிருந்த வீடுகளுக்குக் கிடுகு வேலி.

இப்படிப்பட்ட ஊர்களின் எதிர்காலம் பற்றிப் பல கூட்டங்களில் குறிப்பெடுத்திருக்கிறேன். அந்தக் கூட்டங்களில் தேநீர் எப்போதும் நன்றாக இருக்கும். இங்கே குடிவந்த பிறகுதான் எதிர்காலம் எங்கே இருக்கிறது என்று கண்டுகொண்டேன். அது என் அடுத்த வளவில் இருந்தது. அந்த வீட்டின் இரண்டு பிள்ளைகளுக்காக மட்டுமே பள்ளிக்கூட வான் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து போகிறது.

பிள்ளைகளின் தகப்பன் தோட்டம் செய்பவன். தோட்டம் இல்லாத மாதங்களில் மேசனுக்குக் கையாள். அவன் வெங்காயம் நடும் காணி கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுடையது. காணியின் கீழ்ப்பக்கத்தில் அந்த அண்ணன் கட்டிய மாடி வீடு. இவன் வீட்டுப் பூட்டுகளின் திறப்பை வைத்திருந்து, திறந்து கூட்டித் துடைக்க வேண்டும். பதிலுக்குக் காணியைச் செய்துகொள்ளலாம். எழுத்தில் ஒன்றும் இல்லை. சொந்தத்துக்குள் எழுத்துக் கேட்டால் அவமானம் என்று நினைக்கும் ஊர் இது.

முன்பு அந்தக் காணியைச் சுற்றிக் கிளுவை வேலி இருந்தது. மேட்டு வளவுகளின் மழைத்தண்ணீர் தோட்டத்துக்குள்ளால் வந்து, வேலிக்கு அடியால் நுழைந்து, வாய்க்காலில் விழுந்து கடல்நீரேரிக்குப் போய்விடும். போன வருடம் வேலியை வெட்டி மதில் எழுப்பினார்கள். கட்டிய மேசன் அனுபவசாலி. அடியில் தண்ணீர் போவதற்கு ஓட்டைகள் விட்டிருந்தார். அதற்கு இங்கே வெள்ளவாய் என்று பெயர். ஒருநாள் அந்த ஓட்டை வழியாக ஒரு தெருநாய் நுழைந்து புது மாபிளில் படுத்ததை அண்ணன் கனடாவில் இருந்தபடி கமராவில் பார்த்துவிட்டார். உடனே அடைக்கச் சொல்லி உத்தரவு. அடைத்தவன் தம்பிதான்.

இதில் யாரும் ஒன்றும் வித்தியாசமாக நினைக்கவில்லை. வெயில் காலத்தில் வெள்ளவாயை அடைப்பது எங்கள் ஊர் வழக்கம். கோழி வெளியே போகாமல், நாய் உள்ளே வராமல் பனங்கொட்டை ஊமலும் களிமண்ணும் வைத்து அப்பிவிடுவோம். மாரி வந்தால் மழையே அதைக் கரைத்துத் திறந்துவிடும். அவனும் அதே வழக்கப்படிதான் அடைத்தான். ஆனால் கையில் இருந்தது சீமெந்து.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் வெங்காயம் நட்டார்கள். இருந்த விதை வெங்காயம் முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. இந்தமுறை விளைச்சல் கைவிட்டால் ஊரை விட்டுவிட்டு யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்துத் திருநெல்வேலிக்குப் போவதென்று கணவனும் மனைவியும் முடிவு செய்திருந்தார்கள். அங்கே சந்தைக்குப் பக்கத்தில் மனைவியின் தமையனிடம் ஒரு அறை இருந்தது.

மார்கழியில் தாழமுக்கம் வந்தது. இரவு முழுக்கக் கொட்டிவிட்டு விடியலில் மழை சற்று வெளித்தது. அவனுடைய மனைவி ஆள் நுழையும் வேலிப் பொட்டுக்குள்ளால் கூப்பிட்டாள்.

"ஐயா, ஒருக்கா வாங்கோ. வெங்காயம் தாழுது."

போய்ப் பார்த்தேன். பாத்திகளின் வரம்பு தெரியவில்லை. பச்சைத் தாள்களின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. மதிலடியில் முழங்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் பாதி வெறுமையாகக் கிடந்தது. வெங்காயம் ஒரு பகல் தாங்கும். அதற்குமேல் நின்றால் அழுகிய மணம் வரும்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். கிராம அலுவலருக்குப் போன் எடுத்தேன். "வெள்ள முகாமிலை நிக்கிறன் ஐயா. படம் எடுத்து வாட்ஸ்அப்பிலை போட்டு விடுங்கோ" என்றார். பிரதேச சபையில் எழுத்தில் தரச் சொன்னார்கள். அதற்கு மேல் நடக்கக்கூடியதை நான் அவர்களுக்கே சொல்லிக் கொடுத்திருப்பேன்: இயற்கை வடிகாலை மறித்ததற்கு முறைப்பாடு, களப் பார்வை, உரிமையாளருக்கு அறிவித்தல், அவர் பதில் தரத் தவணை, பிறகு அகற்றும் கட்டளை. ஒழுங்கான நடைமுறை. குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டளை வரும்போது பங்குனி வெயிலில் தண்ணீரும் இருக்காது.

"அடைப்பை உடைச்சு விடன்," என்றேன், பக்கத்தில் நின்ற அவனிடம்.

"அண்ணை சொல்லாமல் தொடமாட்டன் ஐயா. அவர் காணியை எடுத்துப்போட்டால் எங்கை போறது?"

"அண்ணை சொல்லித்தானே அடைச்சனீங்கள்," என்றாள் மனைவி. "அப்ப அண்ணையை வந்து வாளியாலை இறைக்கச் சொல்லுங்கோ."

அவன் போன் எடுத்துக்கொண்டே நின்றான். மணி அடித்து அடித்து நின்றது. மேட்டுப் பக்கத்தில் வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அவள் கொட்டிலுக்குள் போய் நிலம் கிண்டும் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீருக்குள் இறங்கினாள். மதிலை நெருங்கியதும் மாடிவீட்டுக் கமராவில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. அதன் ஒலிபெருக்கியில் அண்ணனின் குரல் இரைந்தது.

"ஆரது மதிலடியிலை? தம்பி! உதென்ன அவளின்ரை கையிலை?"

"அலவாங்கு அண்ணை. போன் அடிச்சனாங்கள், நீங்கள் எடுக்கேல்லை," என்றான் அவன்.

"வேலையிலை நிக்கிறன். மதிலிலை ஒருத்தரும் கை வைக்கப்படாது. விடியக் கதைப்பம்."

"உங்களுக்கு விடியேக்கை இஞ்சை இருண்டிடும்," என்றாள் அவள். "வெங்காயம் உங்கடை ரைமுக்கு நிக்குமோ?"

"பிள்ளை, நான் உன்னோடை கதைக்கேல்லை."

"நான் உங்களோடைதான் கதைக்கிறன். கமராவை ஒருக்காத் திருப்பிப் பாருங்கோ. நாய்க்குப் பயந்துதானே அடைப்பிச்சனீங்கள்? நாய் இப்பவும் உங்கடை போட்டிக்கோ மாபிளிலைதான் படுத்திருக்கு."

கமரா உண்மையிலேயே திரும்பியது. நாய் தலையைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. கேற்றுக்கு அடியால் அதற்கு வேண்டிய இடம் இருந்தது.

பிறகு குரல் தணிந்து வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சரி. உடைக்கிறதெண்டால் உடையுங்கோ. உடைச்சிட்டுத் திறப்பை ஐயாட்டைக் குடுத்திட்டு வெளிக்கிடுங்கோ. காணியும் இல்லை, காவலும் இல்லை."

அவன் மனைவியை நோக்கி நடந்து அலவாங்கைப் பிடித்தான். தடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கையை விடவில்லை. "விடு, உனக்கு இடம் தெரியாது," என்றான். காலால் மதிலடியைத் தடவிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்று குத்தினான். இரண்டாம் குத்தில் சீமெந்து உள்ளே விழுந்தது. தண்ணீர் ஒரு உறிஞ்சலோடு அந்தப் பக்கம் பாய்ந்தது. அடுத்ததையும் திறந்தான். பிறகு நனைந்த மடியில் இருந்து திறப்புக் கோர்வையை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"பிடியுங்கோ ஐயா."

கமரா பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டாமல் அதன் முன்னால் போய் நின்று கனடாக்காரரிடம் சொன்னேன்.

"தம்பி, நான் திறப்பை எடுக்கலாம். ஆனால் ஆளில்லாத வீட்டைப் பொறுப்பெடுக்க ஒரு முறை இருக்கு. உள்ளுக்குக் கிடக்கிற சாமான் எல்லாத்துக்கும் விபரம் எழுதவேணும். சொந்தக்காரர் நேரிலை நிண்டு ஒவ்வொண்டாக் காட்டிக் கையெழுத்து வைக்கவேணும். பிறகு ஒரு கரண்டி காணேல்லை எண்டால் ஆர் மறுமொழி சொல்லுறது? எப்ப வாறியள்?"

"எனக்கு லீவு ஆடியிலைதான் ஐயா."

"அப்ப ஆடியிலை பாப்பம். அதுமட்டும் திறப்பு இருக்கிற இடத்திலை இருக்கட்டும். காணியும் அப்பிடித்தான்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

அப்படி ஒரு முறை தனியார் வீட்டுக்குக் கிடையாது. அரச விடுதிகளுக்கு உண்டு. அங்கேயும் யாரும் பார்ப்பதில்லை. ஆடிக்கு முதல் வெங்காயம் கிளறி எடுத்து முடிந்துவிடும். ஆடிக்குப் பிறகு நடப்பதற்கு என்னிடம் ஒரு விதியும் இல்லை. தோட்டக் காணியை வாய்ப்பேச்சில் செய்பவனுக்கு எந்தச் சட்டமும் துணை வராது என்பதை அவனிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

அவன் திறப்பை மறுபடி மடிக்குள் வைத்தான். மேட்டுப் பக்கத்தில் பாத்திகளின் விளிம்பு மெல்லத் தெரியத் தொடங்கியது. அவள் கீழ்ப்பாத்தியில் குந்தி ஒரு வெங்காயத்தைப் பிடுங்கினாள். நகத்தால் கீறி மணந்து பார்த்தாள். திரும்ப அதே குழிக்குள் வைத்து அமத்தினாள். மழை மறுபடி தூறியது. அவள் மண்வெட்டியோடு என் பக்கம் வந்தாள்.

"ஐயா, கொஞ்சம் விலத்துங்கோ. தண்ணி போற வழியிலை நிக்கிறியள்."